ஒட்டிய எம்ப்ளமும் உரிந்த பெயின்ட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஸ்ட் அக்கவுன்டிங் தேர்வுக்கு இரண்டே நாள் இருந்தது. ஒழுங்காகப் படிக்கிற பிள்ளை அந்த நேரத்தில் மெக்கானிக் ஷெட்டில் நின்றுகொண்டிருக்க மாட்டான். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பாவின் பைக். 1997 மாடல், 100 சிசி, மெரூன் கலர். அந்தக் காலத்து வழக்கப்படி டேங்க்கின் இரண்டு பக்கமும் ஓர் இந்தியக் கம்பெனியின் பெயரும் ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயரும் சேர்ந்த பிளாஸ்டிக் எம்ப்ளம். வலது பக்க எம்ப்ளம் பாதி உடைந்து, இரண்டு பெயரில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமை அலைந்து அதே மாடலுக்கு ஒரு ஜோடி பிடித்துவிட்டேன். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். வேலை இவ்வளவுதான்.

ஷெட்டில் இருந்த பையன் ஸ்குரூ டிரைவரை எடுத்து இடது பக்க எம்ப்ளத்தின் ஓரத்தில் கொடுத்தான். ஒரே நெம்பு. 'டக்' என்று எம்ப்ளம் கையோடு வந்தது. அதன் முதுகில் பழைய ஐம்பது பைசா நாணயம் அளவுக்கு மெரூன் பெயின்ட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. டேங்க்கில் அந்த இடத்தில் மட்டும் மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு நிறம்.

"இதுக்கு எதுக்குத் தம்பி மூஞ்சிய இப்படி வெச்சிக்கிற? முழு டேங்க்கும் பட்டி பாத்துப் புதுசா அடிச்சிரலாம், பளபளன்னு ஆயிரும்" என்றார் கடைக்கார அண்ணன். அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். அப்பா 2021-ல் தவறிவிட்டார். டேங்க்கின் இரண்டு பக்கமும் அவர் முழங்கால் உரசி உரசி மங்கிப் போன இடம் இருக்கிறது. வாட்டர் பாட்டில் வைத்த பையின் கொக்கி கீறிய கோடு இருக்கிறது. புது பெயின்ட் அடித்தால் வண்டி பளபளக்கும், இதெல்லாம் போய்விடும். "வேணாம்ணே, மத்த பக்கம் நானே பாத்துக்கிறேன்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக, இடது பக்கம் போச்சு, வலது பக்கம் பாக்கி. பெயின்ட் போகாமல் ஒட்டியதை எடுப்பது எப்படி? இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தவன், நூறு வருஷம் பின்னாடி போய் அமெரிக்காவில் ஒரு பெயின்ட் ஷெட்டில் நின்றேன். காரணம், நம் வீட்டிலும் காலேஜிலும் கிடக்கிற டேப் வகைகளில் பாதி, இதே பிரச்சினையால்தான் பிறந்தது. ஒட்டியதை உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வருகிறது என்று ஒருவர் கத்தினார், இன்னொருவர் அதைக் காதில் வாங்கினார். அவ்வளவுதான் கதை. ஆனால் அதற்கு முன்னால் பெயின்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மோட்டார் கார் வந்த புதிதில் அதற்கு அடித்தது குதிரை வண்டிக்கு அடித்த அதே வார்னிஷ் வகைதான். ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, இப்படிப் பல பூச்சு. ஒரு வண்டி முழுசாகக் காய்ந்து வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். வண்டியைப் பூட்டுகிற வேலை மணிக்கணக்கில் முடிகிறது, பெயின்ட் காய வாரக்கணக்கில் ஆகிறது என்றால், இருப்பு எங்கே முடங்கும் என்று எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காய்ந்துகொண்டிருக்கிற ஒவ்வொரு வண்டியும் முடங்கிக் கிடக்கிற முதல். ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. நிறம் என்பது அப்போது நேரமும் காசும் தின்கிற சங்கதி.

இதை மாற்றியது வெடிமருந்து. நிஜமாகத்தான். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கும், துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் மருந்தாகும். முதல் உலகப் போரில் இதை மலை மலையாகத் தயாரித்த கம்பெனி டூபான்ட். போர் முடிந்தது, ஆலை இருக்கிறது, வாங்க ஆளில்லை. அதே சரக்கைக் கரைப்பானில் கரைத்து நிறம் சேர்த்து, ஸ்பிரே பண்ணுகிற பெயின்ட்டாக 1923-ல் கொண்டுவந்தார்கள். பெயர் டியூகோ. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் கார்களின் 1924 மாடலில் இதை அடித்து நீலக் கலரில் இறக்கியது. வாரக்கணக்கான வேலை நாள் கணக்குக்கு வந்தது. (டூபான்ட் அப்போது ஜெனரல் மோட்டார்ஸில் பெரிய பங்குதாரர் என்பதையும் வணிகவியல் மாணவன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன். தன் சரக்கைத் தானே பங்கு வைத்திருக்கிற கம்பெனிக்கு விற்பது போட்டியைக் கெடுக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957-ல் தீர்ப்பு சொல்லி, அந்தப் பங்குகளை விட்டுவிட வேண்டியதாயிற்று. பரீட்சையில் கேட்கமாட்டார்கள், இருந்தாலும்.)

மரச்சாமான் கடைகளில் இன்றும் 'டியூகோ பெயின்ட்' என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான். நம்ம ஊர் பெயின்ட்டர்கள் 'என்.சி.' என்பதும் இந்த நைட்ரோ செல்லுலோஸைத்தான். இந்த என்.சி.யின் ஒரு குணத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும். இது காய்வது என்றால் தின்னர் ஆவியாகிப் போவது மட்டும்தான். வேதியியலாக அது கெட்டிப்படுவதில்லை. ஐம்பது வருஷம் கழித்துத் தின்னரைத் தொட்டு வைத்தாலும் மறுபடி கரையும்.

பெயின்ட் சீக்கிரம் காய ஆரம்பித்ததும் மக்களுக்கு ஆசை வந்தது. ஒரே வண்டியில் இரண்டு கலர். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் கத்தி வெட்டினது போல ஒரு கோடு. 1920களில் அமெரிக்காவில் அதுதான் பேஷன். ஒரு கலர் அடித்த இடத்தை மூடினால்தானே அடுத்த கலரை ஸ்பிரே பண்ண முடியும்? பெயின்ட் ஷெட்டுகளில் பழைய செய்தித்தாளையோ கசாப்புக் கடையில் பொட்டலம் கட்டுகிற காகிதத்தையோ வைத்து, பசை தடவியோ டாக்டர்கள் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டியோ மூடினார்கள். பிளாஸ்திரியைக் கையிலிருந்து பிய்த்தால் மயிரும் சேர்ந்து வரும் என்பது நமக்கே தெரியும். அங்கே பெயின்ட் வந்தது. பெயின்ட் வராவிட்டால் பசை வண்டியிலேயே தங்கியது. இரண்டில் எது நடந்தாலும் வேலை முதலிலிருந்து. அந்த ஷெட்டுகளில் என்ன பாஷை பேசியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் ரிச்சர்ட் ட்ரூ வருகிறார். 1899-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரில் பிறந்தவர். நடனக் கச்சேரிகளில் பாஞ்சோ வாசித்து அந்தக் காசில் இன்ஜினியரிங் சேர்ந்தார், முடிக்காமல் வெளியே வந்தார். உள்ளூரில் உப்புத்தாள் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் பரிசோதனைக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனி இன்று நாம் 3எம் என்று அழைப்பது. மினசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபாக்சரிங் என்று 1902-ல் ஆரம்பித்தபோது, சாணைக்குப் பயன்படுகிற உறுதியான கனிமத்தை வெட்டி விற்பதுதான் திட்டம். வெட்டிய பிறகுதான் தெரிந்தது, அது அந்தக் கல்லே இல்லை, ஒன்றுக்கும் உதவாத வேறு கல் என்று. சுரங்கக் கம்பெனி, சுரங்கத்தில் சரக்கு இல்லை! அப்புறம் பல வருஷம் தள்ளாடி, உப்புத்தாள் பக்கம் ஒதுங்கிப் பிழைத்தது. 1921-ல் அவர்கள் கொண்டுவந்த வெட்-ஆர்-டிரை என்கிற தாள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம், தூசி பறக்காது. நம்ம டிங்கரிங் கடைகளில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கொடுக்கிறார்களே, அந்த வகை.

அந்த வாட்டர் பேப்பரைக் கொடுத்துப் பார்க்கத்தான் 1923-ல் ட்ரூ ஒரு பெயின்ட் ஷெட்டுக்குப் போகிறார். உள்ளே போகும்போதே ஒரு பெயின்ட்டர் கத்திக்கொண்டிருக்கிறார். பிளாஸ்திரியை உரித்திருக்கிறார், பெயின்ட் போயிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் நின்ற அதே நிலைமை. வித்தியாசம், எனக்குக் கத்த தைரியம் வரவில்லை.

ட்ரூ அங்கேயே "நான் இதுக்கு ஒரு வழி செய்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்வது சுலபம். தேவைப்பட்டது என்ன என்று பாருங்கள்: ஸ்பிரே பண்ணும்போது நகராமல் ஒட்டியிருக்க வேண்டும், தின்னர் உள்ளே இறங்கக் கூடாது, உரிக்கும்போது முழுசாக வர வேண்டும், பெயின்ட்டை விட்டுவிட்டு வர வேண்டும். ஒட்டவும் வேண்டும், ஒட்டவும் கூடாது. தாவர எண்ணெய், பிசின், சூயிங் கம்முக்குப் போடுகிற சிக்கிள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் காய்ச்சிப் பார்த்தார். கடைசியில் தச்சர்கள் பயன்படுத்துகிற வஜ்ஜிரம் போன்ற பசையில் கிளிசரின் கலந்தபோது பதம் வந்தது. கிளிசரின் பசையை முழுசாகக் காய விடாது, பிசுபிசுப்பு நிற்கும்.

இடையில் மேலதிகாரி வில்லியம் மெக்நைட் கூப்பிட்டு, "உனக்குக் கொடுத்த வேலை வாட்டர் பேப்பர், அதைப் பார்" என்று சொல்லிவிட்டார். ட்ரூ தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நாள் அதைப் பார்த்தார். பிறகு சுருக்கம் சுருக்கமான கிரேப் காகிதத்தைப் பார்த்ததும் மறுபடி பைத்தியம் பிடித்துக்கொண்டது. சுருக்கம் உள்ள காகிதம் இழுத்தால் கொஞ்சம் நீளும், வளைவான இடத்திலும் படியும். அதைத் தயாரிக்க மெஷின் வேண்டும், மேலிடம் முடியாது என்றது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 100 டாலர் வரை வாங்குவதற்கு ட்ரூ யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. மனிதர் மெஷினையே அந்த வரம்புக்குள் அடங்குகிற பில்களாக உடைத்து உடைத்து வாங்கிவிட்டார். ஆடிட்டிங் பாடத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்களுக்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. கண்டுபிடித்திருந்தால் இன்று மாஸ்கிங் டேப் இல்லை :-)

1925-ல் முதல் மாஸ்கிங் டேப் வந்தது. 2 அங்குல அகலம். ஆரம்பத்தில் மாதிரிக்குக் கொடுத்த டேப்பில் இரண்டு ஓரத்தில் மட்டும் பசை தடவியிருந்ததாகவும், அது கழன்று விழுந்ததும் ஒரு பெயின்ட்டர் கடுப்பாகி, "கஞ்சத்தனம் பண்ணாமல் முழுசும் பசை தடவச் சொல்லு உன் முதலாளிங்களை" என்கிற அர்த்தத்தில் 'ஸ்காட்ச்' என்று திட்டியதாகவும், அதுவே டேப்பின் பெயராகிவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களைக் கஞ்சர்கள் என்று கிண்டல் பண்ணுவது அந்தக் காலத்து அமெரிக்க வழக்கம். 1930-ல் அதே ட்ரூ கண்ணாடி போலத் தெரிகிற செல்லோபேன் டேப்பையும் கொண்டுவந்தார். நாம் பரிசுப் பொட்டலத்துக்கும் கிழிந்த ரெக்கார்டு நோட்டுக்கும் ஒட்டுகிற டேப்பின் பாட்டன்.

சரி, இதற்கும் எம்ப்ளத்துக்கும் என்ன சம்பந்தம்?

பழைய மோட்டார் சைக்கிள்களில் எம்ப்ளத்தை ஒட்டவே மாட்டார்கள். பித்தளையிலோ துத்தநாகக் கலவையிலோ வார்த்து, மேலே எனாமல் ஊற்றி, டேங்க்கில் ஸ்குரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். ஸ்குரூவைக் கழற்றினால் எம்ப்ளம் வந்துவிடும், பெயின்ட்டுக்கும் அதற்கும் பேச்சே கிடையாது. இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டுகிற டிரான்ஸ்ஃபர் படம், மேலே வார்னிஷ். அல்லது தூரிகையால் எழுதுவார்கள். சென்னையில் 1955 முதல் தயாராகிற புல்லட்டின் டேங்க்கில் தங்கக் கலர் கோட்டைக் கையாலேயே, ஸ்கேல் கூட இல்லாமல் இழுப்பது அந்த வழக்கத்தின் மிச்சம்தான்.

ஸ்குரூ போடுவதில் ஒரு தொல்லை. பெட்ரோல் நிற்கிற டேங்க்கில் ஸ்குரூ உட்கார இடம் பற்றவைக்க வேண்டும், பற்றவைத்த இடம் ஒவ்வொன்றும் நாளைக்குத் துருவுக்கோ கசிவுக்கோ ஒரு வாசல். கூடவே செலவு. பிளாஸ்டிக்கை வார்த்துக் குரோமியம் பூசக் கற்றுக்கொண்ட பிறகு எம்ப்ளம் எடையே இல்லாத சாமானாகிவிட்டது. அதைத் தாங்கப் பசை போதும். ஒட்டுவதற்கு நடுவில் ஃபோம் வைத்த இருபக்க டேப். இதில் பெரிய பாய்ச்சல் 1980-ல் வந்த வி.எச்.பி. டேப். ஸ்குரூவும் ரிவெட்டும் பண்ணுகிற வேலையை அக்ரிலிக் ஃபோம் பசையே பண்ணும் என்று சொல்லி விற்றார்கள், பண்ணவும் பண்ணியது. கொண்டுவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே 3எம். 1925-ல் பெயின்ட்டை விட்டுவிட்டு உரிந்து வருகிற டேப்பைச் செய்த கம்பெனி, 55 வருஷம் கழித்து உரியவே உரியாத டேப்பைச் செய்தது. ட்ரூ 1980-ல்தான் காலமானார்.

ஒட்டுவது சுலபமான பிறகு எம்ப்ளம் என்பதும் நிரந்தரமாகத் தோன்ற ஆரம்பித்தது. ஆனால் அதில் எழுதியிருந்த பெயர்கள் நிரந்தரமாக இல்லை. 1980களில் நம் நாட்டில் வந்த 100 சிசி பைக்குகள் எல்லாம் கூட்டு வியாபாரம்: ஹீரோ ஹோண்டா, டிவிஎஸ் சுசுகி, பஜாஜோடு கவாசாகி. டிவிஎஸ்ஸும் சுசுகியும் 2001-ல் பிரிந்தன. ஹீரோவும் ஹோண்டாவும் 2010 டிசம்பரில் பிரிவதாக அறிவித்தன, அடுத்த வருஷம் ஹீரோ மோட்டோகார்ப் ஆனது. கூட்டு முறிந்தால் பத்திரத்தில் பெயரை மாற்றலாம், கம்பெனி வாசலில் போர்டை மாற்றலாம். ரோட்டில் ஓடுகிற லட்சக்கணக்கான டேங்க்குகளில் இருக்கிற பெயரை யார் போய் உரிப்பது? அவை அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. அப்பாவின் டேங்க்கில் இருப்பதும் முறிந்துபோன ஒரு கூட்டின் பெயர்தான். வலது பக்கத்தில் அது பாதியாக உடைந்ததும் கூட ஒருவகையில் நடந்ததைச் சொல்வதுதானே என்று விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

இனி வலது பக்கத்துக்கு வருவோம்.

உரியாத டேப்பை எப்படி உரிப்பது? அதன் குணத்தைத் தெரிந்துகொண்டால் வழி தானே வருகிறது. அக்ரிலிக் ஃபோம் சட்டென்று இழுத்தால் கல் மாதிரி நிற்கும், மெதுவாக இழுத்தால் ஜவ்வு மாதிரி இளகும். சூடு பட்டால் இன்னும் இளகும். ஸ்குரூ டிரைவரால் நெம்புவது என்பது இரண்டு தப்பையும் ஒன்றாகச் செய்வது. சட்டென்ற இழுப்பு, அதுவும் முழு பலமும் ஒரே ஓரத்தில். டேப் விடாது. அப்போது எது பலவீனமோ அது வரும். தவிர, டேப்பைப் பெயின்ட்டிலிருந்து பிரிக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. நடுவில் இருக்கிற ஃபோமை அறுத்தால் போதும். பாதி எம்ப்ளத்தோடு போகட்டும், பாதி டேங்க்கில் இருக்கட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சூட்டுக்கு எல்லோரும் ஹேர் டிரையர் என்கிறார்கள். காருக்குச் சரி. பெட்ரோல் டேங்க்குக்குப் பக்கத்தில் சூடான கம்பி இருக்கிற சாமானை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெட்ரோலை வடித்துவிட்டாலும் காலி டேங்க்கில் ஆவி நிற்கும், நிறைந்த டேங்க்கைவிட அதுதான் ஆபத்து. அதனால் பெட்ரோலை வடித்து, டேங்க்கைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் மூடியை இறுக்கி மூடிவிட்டு, வெந்நீர் வைத்தியம். பழைய பனியன் துணியைக் கை பொறுக்கிற அளவு சூடான நீரில் முக்கி எம்ப்ளத்தின் மேல் போட்டு, ஆறியதும் மாற்றி மாற்றி, பத்து நிமிஷம்.

அதற்கு முன்னாடி சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். ஓரத்தில் இருக்கிற மண் துகள் நூலோடு சேர்ந்து ஓடினால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். பிறகு எம்ப்ளத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டினேன், நகமோ நூலோ பெயின்ட்டில் படாமல் இருக்க. ஒட்டும்போது ட்ரூவை நினைத்துக்கொண்டேன்.

அறுப்பதற்கு வெளிநாட்டில் பல் இடுக்கில் விடுகிற ஃப்ளாஸ் நூலைச் சொல்கிறார்கள். நான் எதிர்வீட்டு மாமாவிடம் தூண்டில் நரம்பு வாங்கினேன். இரண்டடி நீளம், இரண்டு முனையையும் பென்சிலில் சுற்றிக்கொண்டு, மேல் ஓரத்தில் நுழைத்து, ரம்பம் இழுப்பது போல இப்படியும் அப்படியும். நரம்பு பெயின்ட்டுக்கு இணையாகப் போக வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் எம்ப்ளம் பக்கம் சாயலாம், டேங்க் பக்கம் சாயக் கூடாது. முதல் நரம்பு பாதியில் அறுந்தது. கொஞ்சம் கனமான நரம்பு எடுத்தேன். நடுநடுவே வெந்நீர்த் துணி. முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஷெட் பையனுக்கு ஒரு நொடிதான் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். அவன் ஒரு நாளைக்குப் பத்து வண்டி பார்க்க வேண்டும், எனக்கு இருப்பது ஒன்று.

எம்ப்ளம் கழன்று வந்ததும் டேங்க்கில் சாம்பல் நிற ஃபோம் பாதி நின்றது. பிளேடு கூடாது. நீலகிரித் தைலத்தைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கட்டைவிரலால் உருட்டினால் புழு புழுவாகத் திரண்டு வருகிறது. கடைசியில் சோப்பு போட்டுக் கழுவல். மாடியே ஜலதோஷம் பிடித்தவன் வீடு மாதிரி மணத்தது.

தின்னர் போட்டால் பசை ஒரே துடையில் போயிருக்குமே என்று கேட்கலாம். அங்கேதான் டியூகோ கதை உதவுகிறது. ஃபாக்டரியில் அடிக்கிற பெயின்ட் சூளையில் சுடப்பட்டுக் கெட்டிப்படுவது, தின்னருக்கு லேசில் அசையாது. வெளியே கடையில் அடித்த என்.சி. என்றால் துணியோடு கரைந்து வந்துவிடும். உங்கள் வண்டியில் எது என்று தெரியாமல் தின்னரைத் தொடக் கூடாது. தெரிந்துகொள்ள ஒரு வழி, வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் பஞ்சில் ஒரு சொட்டு வைத்துத் தொட்டுப் பார்ப்பது. சும்மா இருக்க முடியாமல் அதையும் பார்த்தேன். வலது பக்க அடிப்பகுதியில் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இடது பக்கத்தில், பெயின்ட் பெயர்ந்த இடத்தின் ஓரத்தில் தொட்டேன்.

பஞ்சு மெரூன் ஆகிவிட்டது.

கொஞ்ச நேரம் புரியவில்லை. மறுபடி தொட்டேன், மறுபடி மெரூன். அப்புறம்தான் அந்த ஐம்பது பைசா ஓட்டையைக் குனிந்து பார்த்தேன். மஞ்சளும் சாம்பலும் கலந்த அந்த நிறம் தகரமும் இல்லை, பிரைமரும் இல்லை. பட்டி. இடது பக்கம் என்றைக்கோ நசுங்கி, பட்டி வைத்துத் தேய்த்து, கடையில் என்.சி. அடித்து, அதன் மேல் எம்ப்ளத்தை ஒட்டியிருக்கிறார்கள். சுடாத பெயின்ட், அடியில் பட்டி, மேலே உரியாத டேப். ஸ்குரூ டிரைவர் பட்டதும் எது பலவீனமோ அது வந்தது. நரம்பு போட்டு அறுத்திருந்தாலும் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்தப் பையன் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

கீழே போய் அம்மாவிடம் கேட்டேன்.

"அதுவா? ரெண்டாயிரத்துல தாம்பரம் தாண்டி ஒரு லாரிக்காரன் ஒதுக்கிட்டான்னு விழுந்துட்டாருடா. வீட்டுக்குச் சொல்லல. வண்டிய ஒரு வாரம் கடையில விட்டு, பெயின்ட் எல்லாம் அடிச்சு, எதுவுமே நடக்காத மாதிரி ஓட்டிட்டு வந்தாரு. முழங்கைல காயத்தப் பாத்துதான் நான் கண்டுபிடிச்சேன்."

நான் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னாடி. ஒரிஜினல் பெயின்ட், ஒரிஜினல் பெயின்ட் என்று நான் கட்டிக்கொண்டு அழுத டேங்க்கில் ஒரு பக்கம் ஒரிஜினலே இல்லை. அவர் கலரை அவ்வளவு சரியாகப் பொருத்தி அடிக்க வைத்திருக்கிறார், இருபத்தைந்து வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

அம்மா கரண்டியோடு மாடிக்கு வந்து பார்த்தார். வலது பக்கத்தில் எம்ப்ளம் இருந்த இடம் அதே வடிவத்தில் அடர்ந்த நிறமாக நின்றது. வெயில் படாத பெயின்ட். சுற்றி இருப்பது இத்தனை வருஷ வெயிலில் செங்கல் கலருக்குப் போயிருப்பது அப்போதுதான் தெரிந்தது. "இந்தக் கலருதான் வாங்கினப்போ" என்றார். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுச் சுற்றி இருப்பதைத் தேய்த்தால் இரண்டும் ஓரளவு ஒன்றாகிவிடும், டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.

இடது பக்க ஓட்டைக்குத் துரு பிடிக்காமல் சின்ன தூரிகையால் டச்-அப் வைத்துவிட்டேன், கிட்டப் போனால் தெரியும். டேங்க்கை மாட்டி வண்டி ஓடுகிறது. புதுப்பேட்டை ஜோடி மேசை டிராயரில், இருபக்க டேப்போடு இருக்கிறது. காஸ்ட் அக்கவுன்டிங்கில் 50-க்கு 27.